அமெரிக்கா மேஜையின் வயசு

பத்ரி நியூஜெர்சியிலிருந்து வந்து இறங்கி இன்னும் குளிக்கக்கூட இல்லை. காபி டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து டேப்பை உருவி ஹாலில் நின்ற மேஜையை அளக்க ஆரம்பித்துவிட்டான். உயரம், அகலம், ஆழம் என்று அவன் வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, அவன் மனைவி சுஷ்மா போனில் குறித்துக்கொண்டாள்.

சமையலறை வாசலில் நின்றபடி நாகலக்ஷ்மி பார்த்துக்கொண்டிருந்தாள். பாம்பே மாதுங்காவில் அவர்கள் குடியிருந்த அந்தப் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். மழை பிடிப்பதற்குள் எல்லோரும் காலி செய்தாக வேண்டும். அவள் செம்பூரில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தாள். அப்பாவின் வருஷாப்திகம் முடிந்த கையோடு அண்ணன் வருகிறேன் என்றபோது, சாமான்களை ஒழிக்க ஒத்தாசைக்கு வருகிறான் என்றுதான் நினைத்திருந்தாள்.

"இப்போ எதுக்கு அதை அளக்கறே?"

"ஷிப்பிங்குக்கு. கன்டெய்னர்ல இதுதான் முதல்ல ஏறணும்."

"அது எங்கேயும் ஏறாது."

பத்ரி டேப்பைச் சுருட்டினான். "நாகு, வந்த அன்னிக்கே காலி பீலி கிட்கிட் பண்ணாதே, சும்மா சும்மா சண்டைக்கு வராதே. அப்பா இது எனக்குன்னு எல்லார் எதிர்லயும் சொன்னார். நீயும் அங்கதான் நின்னுண்டிருந்தே."

அது உண்மை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

அந்த வீட்டில் அதற்குப் பெயர் அமெரிக்கா மேஜை. கீழே நான்கு இழுப்பறைகள். அவற்றுக்கு மேல் சாய்வாக ஒரு பலகை. இழுத்துப் படுக்க வைத்தால் எழுதும் மேஜையாகிவிடும். அதன் தலையில் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி. அப்பா வேங்கடசுப்ரமணியன் துறைமுகத்தை ஒட்டிய பல்லார்ட் எஸ்டேட்டில் ஓர் அமெரிக்கக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். மேனேஜர் துரை வேலை முடிந்து ஊர் திரும்பும்போது இதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பத்ரியும் நாகலக்ஷ்மியும் பிறப்பதற்கு முந்தைய சங்கதி. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். "பாஸ்டன்ல பண்ணினது. வாஷிங்டன் காலத்து மேஜை. துரை இதை முழுசா இப்படியே என்கிட்ட ஒப்படைச்சார்" என்பார்.

வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைப்பது நாகலக்ஷ்மியின் வேலை. தேங்காயெண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து, பழைய வேஷ்டித் துணியால் மினுமினுவென்று வரும்வரை தேய்ப்பாள். கல்யாணம் ஆகவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை, அது முடிந்ததும் படுக்கையில் விழுந்த அப்பா. குளிப்பாட்டி, சோறு பிசைந்து ஊட்டி, படுக்கையைத் துவைத்துப் போட்டது அவள். தினமும் காலையில் கண் திறந்ததும் அவர் கேட்டது, "பத்ரி எப்போ வரான்?"

இப்போது வந்துவிட்டான், டேப்போடு.

அவளுக்கு அந்த மேஜை வேண்டுமா என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் திணறியிருப்பாள். செம்பூர் வீட்டில் அதை எங்கே வைப்பது என்றே தெரியாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: அது அவனுக்குப் போகக் கூடாது.

வழி தானாகவே வந்தது. மறுநாள் ஷிப்பிங் ஏஜென்ட் வந்து மேஜையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நூறு வருஷத்துக்கு மேல் பழசான கைவேலைப் பொருளை அனுமதியில்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இது எந்த நாட்டில் செய்தது என்பது முக்கியமில்லை. இது அவ்வளவு பழசு இல்லை என்று அரசாங்கத்தில் சர்டிபிகேட் வாங்க வேண்டும். "உங்க மேஜைக்கு என்ன வயசு சார்?" என்று கேட்டார்.

பத்ரி ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "எண்பது இருக்கும்."

நாகலக்ஷ்மி சிரித்தே விட்டாள். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களைக் கூட்டிவந்து, "இருநூறு வருஷத்து மேஜைடா, தொடாதே" என்று பீற்றிக்கொண்டவன் இவன். அப்போதெல்லாம் "போடா, எல்லாம் அப்பா விடற புருடா" என்று பழிப்புக் காட்டியது அவள்.

"எண்பதா?" என்றாள். "வாஷிங்டன் காலம்னு சொல்லுவியே அண்ணா!"

"அது சின்ன வயசுல சொன்னது."

"நான் சொல்றேன், இருநூறுக்கு மேல. எழுதியே குடுப்பேன்."

ஏஜென்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறு வேலை இருக்கிறதென்று எழுந்து போனார்.

அன்றிலிருந்து ஒரே வீட்டில் இரண்டு கட்சி. பத்ரி யாரோ ஒரு பழைய சாமான் வியாபாரியைக் கூட்டிவந்து, எண்பது வருஷம் என்று கையெழுத்து வாங்கி, சர்டிபிகேட்டுக்கு மனுப் போட்டான். நாகலக்ஷ்மி கதவைச் சாத்திக்கொண்டு போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினாள். அமெரிக்காவில் யாரோ ஒரு கிழவர், பழைய மேஜை நாற்காலிகளைக் கவிழ்த்துப்போட்டு வயது சொல்கிறவர். பளபளப்பைப் பார்க்காதே, கண்ணுக்குத் தெரியாத இடத்தைப் பார் என்பார் அவர். இழுப்பறையை உருவி, மூலையில் புறா வால் போல விரிந்த பற்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்று பார். கையால் அறுத்ததென்றால் ஒன்று பருமனாக இருக்கும், ஒன்று ஒல்லியாக இருக்கும். மிஷினில் அறுத்ததென்றால் எல்லாம் ஒரே அளவு. அடிப்பலகையில் ரம்பத்தின் தடம் நேராக ஓடினால் பழசு. வட்ட வட்டமாக வளைந்தால் வட்ட ரம்பம் வந்த பிறகு செய்தது. கால் எப்படி வளைகிறது, கைப்பிடி எந்த வடிவம் என்பதை வைத்துப் பாணியைச் சொல்லலாம். ஆனால் பாணியை எந்தக் காலத்திலும் காப்பியடிக்க முடியும், தடத்தைக் காப்பியடிப்பது கஷ்டம்.

அண்ணனும் மன்னியும் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் அவள் இழுப்பறைகளை ஒவ்வொன்றாக உருவித் தரையில் கவிழ்த்தாள். பற்கள் கோணலும் மாணலுமாக இருந்தன. ரம்பத்தின் தடங்கள் நேர்கோடுகளாக ஓடின. அப்பா சொன்னது நிஜம்! அந்தச் சந்தோஷத்தை அடுத்த நொடியே வேறொரு சந்தோஷம் அழுத்திக்கொண்டது: மாட்டினான்.

போட்டோ எடுத்து, விவரம் எழுதி, தன் பெயரிலேயே சர்டிபிகேட் கொடுக்கிற ஆபீசுக்கு ஆட்சேபணை அனுப்பினாள். விஷயம் தெரிந்தபோது பத்ரி ஹால் நடுவில் நின்று கத்தினான்.

"சொந்த அண்ணன் மேலே கம்ப்ளெயின்டா? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"உன் மேலே ஒண்ணும் எழுதலையே. மேஜையோட வயசைத்தான் எழுதினேன்."

"நாகு, வீட்டு விஷயத்தை எதுக்கு வெளியில கொண்டுபோகணும்?" என்றாள் சுஷ்மா.

"மன்னி, மேஜையையே வெளியில கொண்டுபோகப் பார்த்தது யாரு?"

"அப்பா இருந்திருந்தா—" என்று ஆரம்பித்தான் பத்ரி.

"அப்பா இருந்தப்போ நீ எங்கே இருந்தே?" என்றாள் நாகலக்ஷ்மி. "வீடியோல அஞ்சு நிமிஷம் தலையைக் காட்டுவே. அந்த அஞ்சு நிமிஷத்துக்காக அவருக்கு நான் சவரம் பண்ணி, வேற சட்டை மாட்டி உட்கார வெக்கணும்."

பத்ரியின் முகம் கறுத்துவிட்டது. "அதுக்கும் மேஜைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அதன் பிறகு சாப்பாட்டு மேஜையில்கூட சுஷ்மா வழியாகத்தான் பேச்சு. "அவளை மோர் விடச் சொல்லு." "அவரையே எடுத்துக்கச் சொல்லுங்கோ மன்னி."

இரண்டு பேர் இரண்டு வயசு சொன்னதால், ஆபீஸிலிருந்து நேரில் பார்த்துச் சொல்ல ஒரு நிபுணரை அனுப்பினார்கள். பெயர் சாதனா. தாணேயில் வளர்ந்த தமிழ்ப் பெண். நாற்பது வயது இருக்கும். அமெரிக்காவில் ஒரு மியூசியத்தில் மர சாமான்களைப் பராமரிக்கும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவள். செருப்பைக் கழற்றும்போதே பத்ரி ஒரு பக்கமும் நாகலக்ஷ்மி ஒரு பக்கமுமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"மேடம், இது பழைய மாடலைப் பார்த்துப் பண்ணின காப்பி..."

"பல்லைப் பாருங்கோ, எல்லாம் கையால..."

சாதனா கையை உயர்த்தினாள். "நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் பேசக் கூடாது. இல்லைன்னா இப்பவே கிளம்பிடுவேன். எனக்கு இன்னிக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்கு."

பையிலிருந்து டார்ச்சையும், நீளக் கைப்பிடி போட்ட சின்னக் கண்ணாடியையும் எடுத்தாள். இழுப்பறைகளை உருவினாள். தரையில் மல்லாந்து படுத்து மேஜைக்கு அடியில் தலையை நுழைத்தாள். ஒரு திருகாணியை மெல்லக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் தலையிலிருந்த கீறல் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. நுனி கூராக இல்லாமல் மொட்டையாக இருந்தது.

எழுந்து உட்கார்ந்து சொன்னாள். "கீழ்ப்பாகம் செர்ரி மரம். டிராயருக்கு உள்ளே போட்டிருக்கிறது வெள்ளை பைன். இங்கிலீஷ்காரன் பண்ணியிருந்தா பெரும்பாலும் ஓக் போட்டிருப்பான். அதனால இது அமெரிக்காதான். பாஸ்டன் இல்லை, கனெக்டிகட் பக்கமா இருக்கலாம். ஆணி, திருகாணி, ரம்பத் தடம் எல்லாம் ஒத்துப்போகுது. ஆயிரத்து எழுநூத்துத் தொண்ணூறுகள்னு சொல்வேன். சிப்பென்டேல் பாணி, அந்தப் பேர்ல இருந்த லண்டன் தச்சரோட மாடல்."

நாகலக்ஷ்மி அண்ணனைப் பார்த்தாள். இதற்காகத்தானே இத்தனை நாள் தூங்காமல் கிடந்தாள். "கேட்டுண்டியா?" என்றாள்.

"இன்னும் முடியலை மேடம்," என்றாள் சாதனா. மேஜையின் சாய்வுப் பலகையை விரலால் தடவினாள். முகம் சுளித்தது. "இதை யார் இப்படித் தேய்ச்சது?"

குனிந்து பலகையை முகர்ந்து பார்த்தாள்.

"முதல்ல போட்ட பூச்சு இதுல துளிக்கூட இல்லை. என்னத்தையோ போட்டு வருஷக்கணக்கா தேய்ச்சிருக்காங்க. மண்ணெண்ணெயா? ஓரத்துச் செதுக்கல்கூட மழுங்கிப் போயிருக்கு. சும்மா ஒரு உலர்ந்த துணியால தூசி தட்டியிருந்தாப் போதும். இருநூறு வருஷம் தாக்குப்பிடிச்சதை இந்த வீட்டுல அழிச்சிருக்கீங்க."

பத்ரி சிரித்தான். அடக்கிக்கொள்ளப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வந்த சிரிப்பு. நாகலக்ஷ்மிக்கு வெள்ளிக்கிழமைகள் எல்லாம் கண்முன் வந்தன. தலைவலித்த வெள்ளிக்கிழமை, ஜுரத்தோடு தேய்த்த வெள்ளிக்கிழமை, அப்பா படுக்கையிலிருந்து "அந்த மூலையைப் பாரு" என்று விரல் நீட்டிய வெள்ளிக்கிழமை. அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

ஆனால் அவன் சிரிப்பும் நீடிக்கவில்லை. சாதனா ஸ்டூல் போட்டு ஏறி, மேலே இருந்த அலமாரியின் முதுகுப் பக்கம் டார்ச் அடித்தாள். கதவின் கீலைப் பார்த்தாள். கீழே இறங்கினாள்.

"மேல்பாகம் வேற. முதுகுல பிளைவுட். கீலுக்குப் போட்டிருக்கிற திருகாணி எல்லாம் பிளஸ் தலை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளுக்கு நடுவுலதான் வந்தது. திருகாணியை மாத்தியும் இல்லை. அதே துளை, அதே இடம். ஃபேக்டரியில பழைய பாணியில பண்ணி வித்த அலமாரி. நூறு வருஷம் ஆகலை."

"அப்படின்னா?" என்றான் பத்ரி.

"ரெண்டும் ஒண்ணா பிறந்தது இல்லை சார். யாரோ சேர்த்து வெச்சிருக்காங்க. இந்த மாதிரி சாமானைக் கல்யாணம் பண்ணி வெச்சதுன்னு சொல்வோம்." இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய பட்டை ஓடியது. அதை நகத்தால் தட்டிக் காட்டினாள். "மேல்பாகம் ஒரு விரல் அகலம் குறைச்சல். இடைவெளி தெரியாம இருக்கப் பட்டை அடிச்சிருக்காங்க. இது தேக்கு. அமெரிக்காவுல இதுக்குத் தேக்கு போடறவன் யாரு? இங்கே பாம்பேல பண்ணின வேலை. இங்கே இதை வாங்கினவங்கதான் பண்ணியிருக்கணும்."

பத்ரி குனிந்து அந்தப் பட்டையைத் தானும் தட்டிப் பார்த்தான்.

"துரை இதை முழுசா குடுத்தார்," என்றாள் நாகலக்ஷ்மி.

"கீழே இருக்கிறதைக் குடுத்திருப்பார் மேடம். மேலே இருக்கிறதை எங்கேயாவது வாங்கிச் சேர்த்திருப்பாங்க."

"எங்கப்பா அப்படிச் சொல்லலை," என்றான் பத்ரி.

"அவர் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியாது சார். மரம் இதைத்தான் சொல்லுது."

"எங்கப்பாவைப் பொய்யர்ங்கறேளா?" நாகலக்ஷ்மியின் குரல் எழும்பியது. "அவர் ஜன்மத்துல ஒரு பொய் சொன்னவர் இல்லை."

"டார்ச் அடிச்சுப் பார்த்துட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா?" என்று பத்ரியும் சேர்ந்துகொண்டான். "நீங்க எந்த மியூசியத்துல இருந்தேள்? அங்கே கேட்கறேன் நான்."

அண்ணனும் தங்கையும் தோளோடு தோள் நின்று அந்தப் பெண்ணை வறுத்தெடுத்தார்கள். சாதனா திருகாணியை இருந்த இடத்திலேயே முடுக்கினாள், கண்ணாடியைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள், செருப்பை மாட்டிக்கொண்டாள். "ரிப்போர்ட்டை ஆபீசுக்கு அனுப்பிடுவேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. சுஷ்மா காபி கலந்து கொண்டுவந்தாள். பத்ரி மேஜைக்கு எதிரே உட்கார்ந்து அந்தத் தேக்குப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு அப்படிச் சொல்லிண்டிருந்தார்?" என்றான்.

நாகலக்ஷ்மி தன் டம்ளரை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "பாதி மேஜையைத் தள்ளிவிட்டுப் போனான் துரைன்னு யாராவது சொல்லிடுவாளோன்னு இருந்திருக்கும். முழுசா குடுத்தான்னா ஒரு கௌரவம்."

"ம்."

பல வருஷங்களுக்குப் பிறகு அவர்கள் இருவரும் சண்டை இல்லாமல் பேசிய பேச்சு அது. அவளுக்கு அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது. தலை முழுக்க நரைத்து, அப்பாவைப் போலவே உட்கார்ந்திருந்தான். அதோடு அவன் எழுந்து போயிருக்கலாம். ஆனால் காபியைக் குடித்து முடித்ததும் அவன் சொன்னான், "நீ வேற அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு நாசம் பண்ணி வெச்சிருக்கே."

அவள் அவன் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ரிப்போர்ட்டில் சாதனா எழுதியதை ஆபீஸ் அப்படியே ஒப்புக்கொண்டது. கீழ்ப்பாகம் நாட்டை விட்டுப் போக முடியாது. மேல்பாகத்துக்குத் தடையில்லை.

நாகலக்ஷ்மி காத்திருந்தாள். வெறும் அலமாரியை அவன் என்ன செய்வான்? 'நீயே முழுசா வெச்சுக்கோ' என்று எப்படியும் சொல்லிவிடுவான் என்று எண்ணினாள். அதற்கு என்ன முகம் காட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அவனோ அவள் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. அவள் கேட்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டு அவன் போனை எடுத்தான்.

சாமான் ஏற்றுகிற வேல்ராஜ் தாராவியிலிருந்து இரண்டு ஆட்களோடு வந்தான். கன்டெய்னருக்குப் போகிற சாமானைக் கட்டுவது, செம்பூருக்குப் போகிற சாமானை டெம்போவில் ஏற்றுவது, இரண்டும் அவன் பொறுப்பு. மேஜையைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நாகலக்ஷ்மியிடம்தான் கேட்டான்.

"என்னக்கா, நெசமாவே பிரிச்சிரணுமா? சேர்ந்து இருந்தாத்தான பார்க்க நல்லாருக்கு."

"என்னைக் கேட்காதே. ஐயாவைக் கேளு."

"பிரி," என்றான் பத்ரி.

தேக்குப் பட்டை முதலில் வந்தது. அதற்குப் பின்னால் துருப்பிடித்த திருகாணிகள் இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, திருகி, கடைசியில் மரம் முனகியது. ஆட்கள் அலமாரியைத் தூக்கிக் கீழே வைத்தார்கள். அது நின்ற இடத்தில் கீழ்ப்பாகத்தின் தலைப்பலகை, எண்ணெயும் துணியும் தொடாத மரம், மங்கலான செம்பழுப்பில் தெரிந்தது. நாகலக்ஷ்மி அதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டடத்து வாசலில் இரண்டு வண்டிகள் நின்றன. அலமாரி ஒன்றில் ஏறிற்று, மேஜை இன்னொன்றில். சுஷ்மா வந்து அவள் கையைப் பிடித்து, "உடம்பைப் பார்த்துக்கோ, நாகு" என்றாள். பத்ரி தள்ளி நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன், அவள் டெம்போவில் ஏறும்போது கிட்ட வந்தான்.

"வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா மேலே இருக்கிறதையும் விட்டுட்டுப் போயிருப்பேன்."

அவள் ஏதோ சொல்ல வந்தாள், வரவில்லை. "வண்டியை எடுப்பா," என்றாள் வேல்ராஜிடம்.

வழியில் சயான் சிக்னலில் வண்டிகள் அசையாமல் நின்றன. பின்னால் மேஜை கோணி சுற்றி, கயிறு இறுக்கி, ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடித்துக்கொண்டிருந்தது. தான் ஜெயித்துவிட்டோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது இங்கே இருக்கிறது, அவனிடம் போகவில்லை. ஆனாலும் ஆத்திரம் கொஞ்சமும் இறங்கவில்லை. வாசலில் வாயடைத்து நின்றது திரும்பத் திரும்ப வந்து குத்தியது. என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்று தோன்றியது, சரியில்லை. இன்னொன்று தோன்றியது, அதுவும் போதாது. சிக்னல் பச்சைக்கு மாறி வண்டி நகர்ந்தபோதுதான், கால் மணி நேரம் பிந்தி, அது முழுசாக வந்தது.

"உன்கிட்ட எதையும் கேட்டு வாங்கிப் பழக்கம் இல்லை எனக்கு! நீயா எப்பவாவது குடுத்திருக்கியா?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

வேல்ராஜ் திடுக்கிட்டு பிரேக்கில் காலை வைத்தான். பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரனை அலற விட்டது.

"என்னையாக்கா சொல்லுதிய?"

"உன்னை இல்லை," என்றாள் நாகலக்ஷ்மி. "நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு."